நிலை மூன்று

தண்டர் பே. வெளியே மைனஸ் இருபத்தேழு.
ஏரியில் பனி இறுகி வெடிக்கும் சத்தம்
எப்போதாவது தொழிற்சாலைச் சுவரைத் தாண்டி வரும்,
யாரோ பெரிய பலகையைப் பாதியில் முறித்ததுபோல்.

திரையில் ஒரு ரயில் பெட்டி
தட்டையாகக் கிடக்கிறது.
நாற்பத்தோராயிரம் வரி எக்ஸ்எம்எல்.
கதவும் ஒரு வரி, கதவின் கீலும் ஒரு வரி,
கீலைப் பிடிக்கும் திருகாணியும் ஒரு வரி,
எல்லாமே இடது ஓரத்தை ஒட்டி.
யாருக்குள் யார் என்று சொல்ல
நெற்றியில் ஓர் எண் மட்டும்:
நிலை ஒன்று. நிலை இரண்டு. நிலை மூன்று.

செய்ய வேண்டியது அதிகமில்லை.
எண் கூடினால் உள்ளே இறங்கு.
அதே எண் என்றால் முன்னதை மூடிவிட்டுப் பக்கத்தில் திற.
குறைந்தால், குறைந்த அளவுக்கு
மூடிக்கொண்டே வெளியே வா.
கடைசியில் திறந்தது முதலில் மூடப்படும்.

பக்கத்து மேசை வாரன்
திருகாணியில் தொடங்கிப் பெட்டியில் முடிக்கிறான்,
அவன் மொழி அப்படி.
எனக்கு, பெட்டியின் கதவின் கீலின் திருகாணி.
வாய் திறந்தாலே பாதை வந்துவிடுகிறது.
வருவான் என்று சொன்னாள் என்று கேள்விப்பட்டேன்:
இரண்டு என்று, இரண்டு மூடும் குறி.
இலக்கணத்துக்கு முப்பத்தெட்டு வாங்கியவள் நான்.

பதினோராயிரத்து இருநூற்று ஆறாவது வரியில்
நிரல் விழுந்தது.
நிலை இரண்டுக்கு அடுத்து நேராக நான்கு.
எட்டு மில்லிமீட்டர் போல்ட், நாலு எண்ணம்,
மேலே யாரும் இல்லை.

கீழே போய் ஐனோவிடம் கேட்டேன்.
வெல்டிங் முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
அங்கே ஒரு தாங்கி இருந்தது,
அதிர்ந்துகொண்டே இருந்ததால்
இரண்டு குளிர்காலத்துக்கு முன் எடுத்துவிட்டோம்.
போல்ட்டை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
இன்னமும் பூட்டுகிறோம், பெட்டிக்கு நாலு.

எதைப் பிடிக்கிறது?

ஓட்டையை, என்றாள்.

நாலை மூன்றாக்கிவிடு, யார் பார்க்கப்போகிறார்கள், என்றான் வாரன்.
ஒரு நிமிடம் எனக்கும் அது சரியென்றே பட்டது.
விரல் அந்த எண்ணின்மேல் இருந்தது.
பிறகு மூன்றாம் நிலையில் ஒரு குறி திறந்தேன்.
பெயர்: தாங்கி. நிலைமை: அகற்றப்பட்டது.
உள்ளே நாலு போல்ட்.
மூடினேன்.

நாலு பத்துக்கு நிரல் ஓடி முடிந்தது.
பெட்டி படிப்படியாக உள்ளே போய்
திரும்பப் படிப்படியாக வெளியே வந்தது.
கடைசி இருபது வரியில் பொருளே இல்லை,
மூடுவது மட்டும்.

முதல் பஸ்ஸில் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு போல்ட்.
கையுறையைக் கழற்றி அசைத்துப் பார்த்தேன்.
விரல் ஒட்டிக்கொண்டது, அவ்வளவு குளிர்.
போல்ட் அசையவில்லை.
எதையோ பிடித்திருக்கிறது.