பொருந்தாததை வெட்டிவிடுக

இருபத்தாறு வருசமாக என் மேசைக்கு வருகிற
படிவம் எல்லாவற்றிலும் மூன்றாவது வரி இதுதான்:
ஆண் / பெண். பொருந்தாததை வெட்டிவிடுக.

வெட்டுவார்கள்.
பேனை இல்லாதவர்கள் என்னிடம் இரவல் வாங்கி வெட்டுவார்கள்.
பிறந்த திகதிக்கு விரல் மடித்து எண்ணுகிறவர்கள் கூட
இந்த இடத்தில் நின்று யோசித்ததில்லை.

போன மாசியில் ஒரு பிள்ளை,
கோண்டாவில் விலாசம்,
பேனையை அந்தச் சாய்ந்த கோட்டுக்கு மேலே பிடித்தபடி நின்றது.
(பிள்ளை நின்றது. எங்கள் சொல் இது,
ஆணா பெண்ணா என்று கேட்காமலே
ஆளை வாசலுக்குள் கூப்பிடுகிற சொல்.)
பின்னால் வரிசை. யாரோ செருமினார்கள்.
"அன்ரி, இதைக் கட்டாயம் வெட்ட வேணுமோ?"
"ஓம்."
சுற்றறிக்கை அப்படி. வேறென்ன சொல்ல?
வெட்டியது. தாள் கிழிந்தது.
புதுத்தாள் கொடுத்தேன்.
எதை வெட்டியது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.
ஆனால் அந்த அழுத்தம்
கீழே கிடந்த மூன்று வெற்றுப் படிவங்களிலும்
பதிந்திருந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு சைக்கிள்.
நடுவே கம்பி போட்டது இவருடையது,
கம்பி இல்லாதது என்னுடையது.
வித்தியாசம் அவ்வளவுதான், ஒன்றரை முழ இரும்பு.
சேலை வழிவிடக் கேட்டதால் கழற்றின இரும்பு.
இடுப்பு முறிந்து இவருக்கு உள்ளே ஒரு கம்பி வைத்தார்கள்.
அந்தக் கம்பி போன பிறகு
மற்றக் கம்பியைத் தாண்டக் கால் எழும்பவில்லை.
மாற்றிக்கொண்டோம்.
நான் சேலையைப் பையில் மடித்துக் கொண்டுபோய்க்
கந்தோரில் கட்டுகிறேன்.

முதல் நாளே தட்டாதெருச் சந்தியில் ஒருவன்,
"தவம் அண்ணை, சைக்கிள் மாறிப்போச்சோ?"
"இல்லைத் தம்பி, ஆள்தான் மாறிப்போனன்."
சந்தி முழுக்கச் சிரித்ததாம், இவரும்தான்.
அன்றிரவு புட்டைப் பிசைந்து பிசைந்து
அப்படியே வைத்துவிட்டு எழும்பினார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி,
கல்யாணமாகி நாலாம் மாதம்.
நாவற்குழிப் பாலத்தில் மழை, சனம், இருட்டு.
கம்பியில் அரிசிப்பை, கரியரில் மாமி.
செயின் கழன்றது.
இவருக்குக் கை நடுங்கியது, மாட்டத் தெரியவில்லை.
நான் குந்தியிருந்து மாட்டினேன்.
இவர் தன் சேட்டைக் கழற்றி
என் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தார்,
வெறும் மேலோடு, முதுகில் மழை அடிக்க.
கறுத்த கிறீஸ் கையோடு நிமிர்ந்து பார்த்தேன்.
யார் ஆம்பிளை, யார் பொம்பிளை என்று கேட்க
அந்தப் பாலத்தில் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.
நேரம் இருக்கிற இடத்தில்தான் இந்தக் கேள்வி
கதிரை போட்டு உட்காருகிறது.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.
வெள்ளிக்கிழமை கனகாம்பரம் வைக்கும்போது
எனக்குள் சின்னதாய் ஒரு சந்தோசம் வரும்.
யாரும் பார்க்காவிட்டாலும் வரும்.
பெண்மை என்றால் அதுதான் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.
இப்போது அந்தக் கம்பிக்கு மேலால்
ஐம்பத்திரண்டு வயதுக் காலைத் தூக்கிப் போடும்போதும்
அதே சந்தோசம் வருகிறது,
அச்சொட்டாய் அதே.
இதை எந்தப் பெட்டியில் எழுதுவது?

நேற்று வீட்டுக்கடன் படிவம். என்னுடையது.
மூன்றாவது வரியில் பேனை நின்றது,
எனக்கே சிரிப்பு வந்தது.
வெட்டினேன்.
மெல்லிய கோடாய்,
கீழே கிடக்கிற சொல்லை வாசிக்கக்கூடிய மாதிரி.

படலைக்கு வெளியே இவர் மணி அடிக்கிறார்.
என்னுடைய மணி. கரகரக்கிறது.
எண்ணெய் விட வேணும்.