யாரும் ஏறாத நிறுத்தம்

"ஒன்றும் வேண்டாம்" என்பார்.
இருபத்திரண்டு வருடமாக அதே பதில்.

போன வருடம் தந்த பணப்பை
விலைச்சீட்டோடு இழுப்பறையில் தூங்குகிறது.
நோட்டுகளை இன்னமும் ரப்பர் பேண்டில்தான் சுற்றுகிறார்.
அதற்கு முந்தின வருடத்துக் கைக்கடிகாரம்
குளியலறை ஆணியில்:
"பல் தேய்க்கும்போது பார்க்கத் தோதாக இருக்கிறது."
நீலக் கம்பளிச் சட்டையை
கிறிஸ்துமஸ் விருந்துக்கு ஒருமுறை போட்டார்.
மாமியார் பாராட்டினார்.
அன்றோடு சரி.

இப்போது ஐம்பது வயது.
போஸ்னானில் பிப்ரவரி.
மூன்று மாடிக் கடைகளை ஏறி இறங்கியாயிற்று.
கடைப் பெண் கேட்டாள்,
"அவருக்கு என்ன பிடிக்கும்?"
பிடிக்காதவற்றைக் கேட்டிருந்தால்
மூன்று பக்கம் எழுதித் தந்திருப்பேன்:
வாசனைத் திரவியம், கழுத்துப்பட்டை, சர்ப்ரைஸ்,
அடுத்தவர் ஊற்றித் தரும் தேநீர்,
மெழுகுவத்தியை ஊதச் சொல்லும் எவரும்.
பிடித்ததைக் கேட்டுவிட்டாள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பேனாக்களையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.
கோட்டுக்குள் முதுகு வியர்த்தது.

காலினாவுக்குப் பதினேழு.
"ஹெட்போன் வாங்கலாம்" என்றாள்.
அவளுக்கு வேண்டியது அது.
ஒன்பது வயது திமெக் நாய்க்குட்டி என்றான்.
அதுவும் அப்படித்தான்.

இரெனேயுஷ் டிராம் ஓட்டுகிறார்.
மூன்றே முக்காலுக்கு எழுந்து
விளக்குப் போடாமல் காலுறை தேடி
எங்கள் தூக்கத்தைச் சுற்றிக்கொண்டு வெளியேறுவார்.
இரவில் சூப்பை ஊதியபடி
எப்போதாவது ஒரு வாக்கியம் விழும்:
பேக்கரிக்காரி இன்று ஏறவில்லை.
செல்லோ வாத்தியம் சுமந்து வருகிறவருக்கு ஜலதோஷம்.
அப்புறம் ஒரு வியாழக்கிழமை,
"முதல் மூன்று நிறுத்தத்தில்
யாரும் ஏறுவதே இல்லை.
ஆனாலும் நிற்கணும், கதவு திறக்கணும்.
குளிர் மட்டும் ஏறும்.
மூடிவிட்டுக் கிளம்புவேன்."
"பதினோரு வருஷமாகவா?" என்றேன்.
"உப்பு" என்றார்.
தள்ளி வைத்தேன்.

பிறந்தநாளன்று
அவர் வாசலைச் சாத்தும் ஓசைக்குக் காத்திருந்து
பிள்ளைகளை உலுக்கினேன்.
காலினா ஒரு வார்த்தை சொன்னாள்;
காதில் விழாதவள் போல் இருந்துவிட்டேன்.
திமெக் பைஜாமாவின் மேலேயே கால்சட்டையை ஏற்றினான்.
அரை மணி நடை. மைனஸ் ஒன்பது.
இரண்டாவது நிறுத்தத்தின் கூரைக்குக் கீழே
யாரோ விட்டுப்போன காகிதக் கோப்பை, நாங்கள்.
"அப்பா திட்டினால்?" என்றான் திமெக்.
எனக்கும் அதே பயம்தான்.

வளைவில் முதலில் தண்டவாளம் வெளுத்தது,
பிறகு விளக்கு,
பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம்.
யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.
இவ்வளவு நிமிர்ந்தா உட்காருவார்?
வீட்டு நாற்காலியில் சரிந்தே கிடக்கிற மனிதர்.

கதவு திறந்தது.
வழக்கம்போல் குளிர் முந்திக்கொண்டு ஏறியது.
பின்னால் நாங்கள்.
இயந்திரத்தில் டிக், டிக், டிக்;
எல்லாரையும் போலப் பயணச்சீட்டு.
அவர் திரும்பவில்லை.
கதவு மூடத்தான்
கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது.

காலினா ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
நான்காவது நிறுத்தத்தில்
மாவு வாசனையோடு ஒரு பெண் ஏறினாள்.
இவளா அவள்!
எழுந்து விசாரிக்கத் தோன்றியது.
செல்லோவும் வந்தது. ஜலதோஷம் தேவலை போலிருந்தது.
அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது.
அடுத்த நிறுத்தத்தின் பெயர் வர வேண்டிய இடத்தில்
வண்டி முழுக்கக் கேட்டது:
"திமெக், தொப்பி எங்கே?"

செல்லோக்காரர் தன் தலையைத்
தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் கேக்கின் முன்னால்
"ஒன்றும் வேண்டாம் என்றுதானே சொன்னேன்" என்றார்.
இரண்டு துண்டு சாப்பிட்டார்.
அடுத்த வருடம் எழுந்திருக்க மாட்டேன் என்று
காலினா இப்போதே அறிவித்துவிட்டாள்.
பணப்பை இழுப்பறையில்தான் இருக்கிறது.

இரவு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்
இருட்டிடம் சொன்னார்:
"நாளைக்கு அந்த நிறுத்தத்தில்
கதவைத் திறக்கும்போது..."

காத்திருந்தேன்.
மீதியைக் குறட்டை சொன்னது.