பதினேழாம் வரிசை

கோர்னிங்கில் ஆகஸ்ட்.
காலை ஏழுக்கே வெயில் முறைக்கிறது.
மஞ்சள் அட்டை, பசை,
ஒரு பொட்டலம் அம்மோனியா,
விரல் நீளக் குப்பியில் பெண் ஈயின் அழைப்பு:
எங்கோ ஆய்வுக்கூடத்தில் காய்ச்சியது,
பெண்ணே இல்லாத பெண் வாசம்.

மூக்கைப் பொத்திக்கொள் என்கிறான் எலாடியோ,
ஒவ்வொரு வாரமும் மறந்துபோய்.
எனக்குத் தேவையில்லை.
மூன்று வருடமாகிறது, ஒரு காய்ச்சல்
மூக்கைத் துடைத்துவிட்டுப் போய்.
காபி வெறும் சுடுநீர். மழை வெறும் ஈரம்.
மகனின் சட்டையை முகர்ந்தால்
துணி.

இந்த ஆலிவ் தோப்பில்
எறும்புக்குக்கூடத் தெரியும் எது எங்கே மணக்கிறதென்று.
நான்தான் ஏணி போட்டு
நிழல் பக்கமாகப் பார்த்து
வாசத்தைக் கட்டித் தொங்கவிடுகிறேன்.

பன்னிரண்டாம் வரிசை: ஆண் நாலு, பெண் ஒன்று.
அதன் வயிற்று முட்டைகள் இனி எந்தக் காய்க்கும் இல்லை.
பதினேழு: ஆண் முப்பத்தொன்று.
இறக்கை நுனியில் கறுப்புப் புள்ளி, சந்தேகமே இல்லை.
திங்கட்கிழமை மருந்தடிப்பார்கள்.

ஒன்று மட்டும் இன்னும்
பின்னங்காலை இழுத்துப் பார்க்கிறது.
இதை எண்ணுவதா, பொறுப்பதா?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
குனிகிறேன். என் மூச்சுக்கு அதன் இறக்கை நடுங்குகிறது.

அடேய்,
தோப்பு தாண்டி, சாலை தாண்டி
ஒரு பொய்யை நம்பி வந்தாயே,
எப்படி இருந்தது
அந்த மணம்?

கீழே வண்டி ஹாரன் அடிக்கிறது.
முப்பத்திரண்டு என்று எழுதுகிறேன்.