ஜாக்கி அவனிடம் இருக்கிறது

ஈஸ்டர் போய்ப் பத்து நாள்.
வுப்பெர்டாலில் இன்னமும் பனிக்கால ரயரோடு ஓடுகிற கார்
என்னுடையதாய்த்தான் இருக்கும்.
வெயிலில் அது தாரை ஒட்டிக்கொண்டு முனகுகிறது.

கோடைச் சில்லுகள் நாலும் நிலக்கீழ் அறையில்,
கமலரூபன் சோக்கட்டியால் எழுதிவைத்தபடி:
மு.இ, மு.வ, பி.இ, பி.வ.
ஜாக்கி அவனிடம்.
போதுமான அளவு இறுக்கியதும்
கிளிக் என்கிற ஸ்பேனரும் அவனிடம்.
ஆளுக்குப் பத்தொன்பது யூரோ ஐம்பது சதம்.
பற்றுச்சீட்டு மட்டும் என்னிடம்.

தேர்தல் ஞாயிறு அவன் குடும்பத்தோடு இங்கேதான் இருந்தான்.
ஆறு மணிக்குத் திரையில் நிறநிறமாய்க் கம்பங்கள் எழுந்தன.
ஒரு கம்பம் ஏற ஏற
வதனா கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.
அவன் மிக்சர் தட்டைக் கிளறிக்கொண்டே
'நானும் அதுக்குத்தான் போட்டனான்' என்றான்,
கடலைக்கு உப்புக் காணாது என்பதைப் போல.

ஓடர் ஆற்றை ஞாபகப்படுத்தினேன்.
சேற்றில் அவன் சப்பாத்துகள் போய்விட,
என்னுடையதில் ஒன்றைக் கொடுத்து
இரண்டு பேரும் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு
இந்த நாட்டுக்குள் நடந்து வந்ததை.
'அப்ப வேலை இருந்தது' என்றான்.
'இப்ப பட்டறையைப் பூட்டுறாங்கள்.
நாலு வருசமாய் வீடு தேடுறன்.
ஒருத்தனும் என்னட்ட ஏனெண்டு கேக்கேல்லை.'

நானும் கேட்கவில்லை.
ஒரு சொல் சொன்னேன்.
அதை இங்கே எழுதமாட்டேன்.
எங்கள் ஊரில் அந்தச் சொல்லை
அட்டையில் எழுதிக் கழுத்தில் கட்டித்
தெருவில் கிடத்தியிருக்கிறார்கள்.

சுகிர்தா பிள்ளையின் ஜாக்கெட்டை எடுத்தாள்.
கதவை அறைந்து சாத்துவான் என்று நினைத்தேன்.
பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் என்று
மெல்லச் சாத்திவிட்டுப் போனான்.

பிறகு ஒன்பது கிழமை.
ஒருமுறை தொங்குரயிலில் அவனைக் கண்டேன்.
வுப்பர் ஆற்றுக்கு மேலே பெட்டி ஆடிக்கொண்டிருந்தது,
நடுவில் ஒரு சைக்கிளும் இரண்டு கிழவர்களும்.
மிருகக்காட்சிச்சாலை நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.
அங்கே அவனுக்கு என்ன வேலை?

வதனாவுக்கும் சொல்லாத ஒன்று உண்டு.
தபாலில் அனுப்பவேண்டிய என் வாக்கு,
சிவப்பு உறையோடு,
மின்சாரக் கட்டணச் சீட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.
ஆஸ்பத்திரிச் சமையலறையில் இரட்டை முறை வேலை,
பிறகு மறதி, பிறகு
ஒரு சீட்டில் என்ன வந்துவிடப்போகிறது.
இந்தக் கையை வைத்துக்கொண்டுதான்
அன்றைக்கு மேசையில் அடித்தேன்.

பிள்ளைகள் எங்களைக் கேட்பதில்லை.
வியாழக்கிழமைகளில் என் சாம்பவியும் அவன் அபிராவும்
ஒன்றாகத்தான் நீச்சலுக்குப் போகிறார்கள்.
நேற்றுச் சாம்பவி தலை ஈரத்தோடு வந்து
ஒரு பையைத் தரையில் வைத்தாள்.
இரும்புச் சத்தம்.
'மாமா தந்துவிட்டவர். பாரம்.'
வேறு ஏதும் சொன்னாரா?
'இல்லை.'

இரவு போன் ஒருமுறை அதிர்ந்தது.
அவன் பெயர். கீழே
வணக்கமில்லை, பெயர்விளியில்லை, ஒரு எண்:
120.

போல்ட்டை எவ்வளவுக்கு இறுக்கவேண்டும் என்று
பதினாறு வருடமாய் நான் மறந்து மறந்து கேட்கிற எண்.

இன்று தனியாகக் கழற்றினேன், தனியாகப் பூட்டினேன்.
அடுத்தடுத்து இறுக்கக்கூடாது, எதிரெதிராய் இறுக்கவேண்டும்,
இல்லாவிட்டால் சில்லு ஒரு பக்கம் சாயும்.
அதையும் அவன்தான் சொல்லித் தந்தான்.
கிளிக்.
பி.வ கடைசியாய். கிளிக்.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின்
இன்னொருதரம் இறுக்கிப் பார்க்கவேண்டுமாம்.
நான் நகரத்தின் இந்த முனையில், ஃபோவிங்கலில்.
அவன் அந்த முனையில், ஓபர்பார்மனில்.
இரண்டுதரம் போய்வந்தால் ஐம்பது வரும்.

ஸ்பேனர் இன்னும் காரின் முன் இருக்கையில் கிடக்கிறது.