எதிரெடை

டுலூத் நகரத்துத் தூக்குப்பாலம் மேலே ஏறும்போது
இரண்டு பக்கமும் காங்கிரீட் பாறைகள் கீழே இறங்கும்.
பாலத்தை இயக்குகிற மார்லிஸ் கோஸ்கெலா
எங்கள் ஓய்வூதிய நிதிக் குழுவில் ஐவரில் ஒருத்தி.
நான் குறிப்பெழுதுகிறவன்.
வாக்கு கிடையாது. காபி உண்டு.

இரும்புத்தாது ஏற்றும் துறையில்
எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் சம்பளத்தில் பிடித்த பணம்:
நூற்றுக்கு அறுபது பங்குகளில்,
முப்பத்தைந்து கடன்பத்திரங்களில்,
ஐந்து ரொக்கம்.
என்றைக்கோ யாரோ பிரித்து வைத்தது,
தலையெழுத்து மாதிரி ஆகிவிட்டிருந்தது.

சிகாகோவிலிருந்து வரும் ஆலோசகர் ட்ரெவர் ஆஷ்பி
பலகையில் ஒரு வட்டம் வரைவார்:
மீட்சி, விரிவு, உச்சம், மந்தம்.
அம்புக்குறிகள் பார்க்க அழகு.
இப்போது எங்கே நிற்கிறோம் என்று கேட்டால்
பேனாவை மூடிவிடுவார்.

மார்லிஸ் கப்பல் எண்ணுவாள்.
ஓர் ஆகஸ்டில் சொன்னாள்:
"போன வருஷம் இதே வாரம் பத்தொன்பது.
இந்த வாரம் பதினொன்று.
எஃகு ஆலைகளுக்குப் பசி குறைகிறது.
பங்கை நாற்பதுக்குக் கொண்டுவருவோம்."
மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.

அதற்கப்புறம் பதினான்கு மாதம்
சந்தை ஏறிக்கொண்டே இருந்தது.

கூட்டத்துக்குக் கூட்டம் ஹார்வி லின்ட்ஸ்ட்ரோம்
விட்டுப்போன லாபத்தைத் தாளில் கணக்குப் போட்டு
நான்காக மடித்து அவள் பக்கம் நகர்த்துவான்.
ஒரு வார்த்தை பேசமாட்டான்.
அவள் பிரித்துப் படித்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள்.
இதெல்லாம் குறிப்பேட்டில் இல்லை.

பிறகு விழுந்தது.
ஏரி உறைவதற்கு முன்பே கப்பல்கள் நின்றன.
அவளுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.
போகாமல் தங்கிய பணத்துக்கு
யார் நன்றி சொல்வார்கள்?

பிப்ரவரிக் கூட்டம்.
நிலவறை ஜன்னல் பாதிவரை பனி.
ட்ரெவர் நேரில் வரவில்லை,
தொலைபேசியில் இருமிக்கொண்டிருந்தார்.
"இப்போது வாங்க வேண்டும்" என்றாள் மார்லிஸ்,
"அறுபத்தைந்து வரைக்கும்."

அன்று காலைதான் ஆலையில்
அவள் கணவன் வெர்னுக்குச் சீட்டுக் கிழிந்திருந்தது.
எல்லோருக்கும் தெரியும்.
எல்லோரும் காபியைப் பார்த்தோம்.

"அலை ஓயட்டுமே" என்றான் ஹார்வி.
"ஓய்ந்த தண்ணீரில்தான் குளிப்பாயென்றால்
இப்போதே போ. ஏரி அசையவில்லை.
மூன்றடிப் பனிக்கட்டி."

யாரும் சிரிக்கவில்லை. அவளே தொடர்ந்தாள்:
"பாலத்தின் தளத்தில் பனி ஏறினால்
எதிரெடைக்குள் கட்டி கட்டியாக எடை சேர்ப்போம்.
உருகினால் எடுப்போம்.
குளிர் என்றைக்கு முடியுமென்று தெரிந்தா செய்கிறோம்?
இன்றைக்குப் பாலம் எவ்வளவு கனக்கிறது,
அவ்வளவுதான் கேள்வி."

ஹார்வி கை தூக்கினான்.
ஒப்புக்கொண்டா, பேச்சு முடியட்டும் என்றா, தெரியாது.
நான்குக்கு ஒன்று.

அந்த ஒன்று, ஏய்னோ லாஹ்தி.
ஜூனில் ஓய்வுபெறப் போகிறவர்.
கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:
"ட்ரெவரின் வட்டம் திரும்பும், மார்லிஸ்,
நான் மறுக்கவில்லை.
எனக்கு ஜூன் ஒரு தடவைதான் வருகிறது."
அவள் பதில் தேடினாள். கிடைக்கவில்லை.
நான் எழுதினேன்:
எதிர்ப்பு, ஒன்று.

மார்ச் கடைசியில் முதல் கப்பல் வந்தது,
வயிறு காலியாக,
சிவப்பு அடிப்பாகம் தண்ணீருக்கு மேலே தெரிய.
பாறைகள் இறங்கின. பாலம் ஏறியது.

காத்து நின்ற வண்டிகளில்
ஏய்னோவின் பழைய டிரக்கும் இருந்தது.
எஞ்சினை அணைத்துவிட்டுக்
கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உயரத்துக் கூண்டிலிருந்து அவள் கையசைத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு முகப்பு விளக்கு
ஒருமுறை எரிந்து அணைந்தது.