முழங்கால் உயரத்தில்

குன் டோங், இருபத்திரண்டாம் மாடி.
நூற்றெழுபது சதுர அடி.
மேசையை மடித்தால் அலமாரி,
அலமாரியைக் கவிழ்த்தால் படிக்கட்டு,
படிக்கட்டின் வயிற்றில்
அரிசி, குடை, வரிக் காகிதங்கள்.
சோபாவின் முதுகைப் பிடித்து இழுத்தால் கட்டில் இறங்கும்.
கட்டில் இறங்கிவிட்டால் வாசற்கதவு திறக்காது.

இதைக் கடையில் சொல்லவில்லை.
விளம்பரப் படத்தில் ஒரு பெண்
ஒற்றை விரலால் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டிருந்தாள்.

நேற்றிரவு பன்னிரண்டரைக்கு
"நான் போகிறேன்" என்றாள் ஹோய்-லாம்.
செருப்பு ஒரு படிக்குள். சாவி எந்தப் படிக்குள்?
தலையணைகளை எறிந்தாள்; விழத் தரை இல்லை,
குளியலறை வாசலில் நின்ற யிக்-ஃபங்
வாங்கிக்கொண்டான்.
கட்டிலைத் தூக்கினாள்.
இடப்பக்க ஸ்பிரிங் மார்ச்சிலேயே செத்துப்போனது.
முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது,
மேலேயும் போகாமல், கீழேயும் வராமல்.

"பிடி" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.
பிடித்தான்.
ஒன்று, இரண்டு,
அவன் எப்போதும் மூன்றுக்கு முன்பே தூக்கிவிடுவான்,
நேற்றும்.

கொக்கி மாட்டியது. கதவு திறந்தது.
நடைவழியில் யாரோ அந்நேரத்தில் பூண்டு வதக்கும் வாசனை.

செருப்போடு நின்றாள்.
கட்டில் போன இடத்தில்
திடீரென்று இவ்வளவு தரை.

அதில் உட்கார்ந்தார்கள்,
நடுவில் ஓர் ஆள் படுக்கலாம் போல
இடம் விட்டு.