தூண்டில் இரை

தபஜோஸ் ஆற்றங்கரை ஊருக்கு
உயிரியல் படிக்க வந்த பதினோரு பேரில்
ஒன்பது பேருக்கு ஜாகுவார் வேண்டும்.
ஒருவனுக்கு டால்ஃபின்.
ஜுசிலேனிக்கு, பாதி வாடகைக்கு ஆகும் ஏதாவது.

அதனால்
வாளியைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தவள் அவள்தான்.

திட்ட அறிக்கையில் அதற்கு ‘தூண்டில் இரை’ என்று பெயர்.
காசு கொடுப்பவர்கள் படிக்கிற தாள் அது.
காட்டில் அதன் பெயர் பீ.
எண்பது பொறி, பொறிக்கு ஐம்பது கிராம்.
குரங்கு தருவது காணாது.
விடியற்காலை ஐந்து மணிக்கு
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
மூடி போட்ட டப்பாக்களை மேசையில் வைத்தோம்.
படகோட்டி வால்டெனிருக்கு மட்டும் கூச்சமே இல்லை:
“நேற்று மொச்சை. வண்டுகள் கொடுத்துவைத்தவை.”

குவளையை விளிம்புவரை மண்ணில் புதைத்து
உப்புநீர் ஊற்றி
மேலே பொட்டலம் கட்டி முடிச்சை இறுக்கும் முன்பே
ஒன்று வந்து மோதியது அவள் மணிக்கட்டில்.
பச்சை. நகைக்கடைப் பச்சை.
“இதுவா?” என்றாள்.
“இதுவும்” என்றேன்.
உருட்டிப் போவது உண்டு, அடியிலேயே சுரங்கம் வெட்டுவது உண்டு,
அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துவதும் உண்டு.

எரிந்த காட்டில், மூன்றாம் நாள்,
குவளைகளில் மழைத்தண்ணீர்.
ஒன்றில் ஓர் எறும்பு.
பக்கத்தில் ஊளைக்குரங்கின் எச்சம்
இட்டது இட்டபடி காய்ந்து கிடந்தது.
குந்தி உட்கார்ந்து குச்சியால் பிரித்தாள்.
பதினேழு விதை.
புதைக்க ஆளில்லை.
அவள் விரல் மண்ணைத் தொட்டது, பின் நின்றது.
நாம் தொடக்கூடாது என்று விதி.
குறிப்பேட்டில் எழுதினாள்: 17. மேலே.

திரும்பும் பேருந்தில்
எங்களைச் சுற்றி நான்கு இருக்கை காலியாயின.
ஜன்னலோரம் கிடைத்தது.
“இதில் வேலை இருக்கா?”
இருக்கிறது, பிப்ரவரி வரை.
அப்புறம் ஒரு விண்ணப்பம். அதற்கப்புறம் இன்னொன்று.
அவள் ஒன்றும் சொல்லவில்லை. நகத்தை முகர்ந்து பார்த்தாள்.

ஆய்வகத்தில், நுண்ணோக்கியடியில்,
இனம், பால், நீளம், எடை.
நான்கே கட்டம்.
நூற்றுப் பன்னிரண்டாவது வண்டில் நிறுத்தினாள்.
முன்னங்கால் பற்கள் மழுங்கி, ஏறக்குறைய இல்லை.
“இது ரொம்ப நாள் தோண்டியிருக்கு.”

அட்டவணையில் அதற்கு இடமில்லை.
அளவுகோலை எடுத்தாள்,
என்னைக் கேட்காமல்
ஐந்தாவது கோடு போட்டாள்.
முதல் வண்டை மறுபடி எடுத்தாள்.